காற்று எந்தப் பக்கம்

அந்தத் திங்கட்கிழமை காலை முனீஸ்வரன் எங்கள் லேபில் செய்த கடைசிச் சாதாரணக் காரியம், மூன்றாம் நம்பர் ஹூட்டின் கண்ணாடிக் கதவில் ஒரு துண்டு டிஷ்யூ தாளை ஒட்டியதுதான். விரல் அகலத்துக்குக் கிழித்து, மேல்முனையில் மட்டும் டேப் போட்டு, கீழ்முனையைத் தொங்கவிட்டான். தாள் உள்பக்கமாகச் சாய்ந்து லேசாக ஆடியது. காற்றாடி ஓடுகிறது, உள்ளே எழும் ஆவியை இழுத்து மொட்டைமாடிக் குழாய் வழியாக வெளியே தள்ளுகிறது என்று அர்த்தம். திங்கள்தோறும் பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிது ஒட்டுவான்.

“அதான் பச்சை லைட்டு எரியுதுல்லா? பெறகு எதுக்குல தாளு?” என்றேன். நான் தூத்துக்குடிக்காரி.

“பச்சை லைட்டு கரண்டு போகுதுன்னு சொல்லும். காத்து போகுதுன்னு சொல்லாது. நீ போயி ஒன் பூஞ்சையக் கவனி.”

“நான் வளக்குத செல்லுல பூஞ்சை வந்தா, காலையில ஒன் மொகத்துல முழிச்சதாலதான் இருக்கும், வெடிக்காரா.”

சிரித்தான். மணி ஒன்பதே முக்கால். மறுநாள் அந்த நேரத்துக்கு அவன் இல்லை.

அவன் வேதியியல், நான் உயிரியல். மதுரைக்கு வெளியே மேலூர்ச் சாலையில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் இரண்டு பேரும் பி.எச்.டி. மாணவர்கள். எங்கள் லேப் நீளமான ஒரே கூடம். தெற்குச் சுவரில் அவனுடைய ஹூட், வடக்குச் சுவரில் என்னுடைய லேமினார். தெரியாதவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். இரண்டும் இரும்புப் பெட்டிகள், முன்னால் கண்ணாடி, உள்ளே விளக்கு, உள்ளே கையை விட்டு வேலை செய்ய ஒரு திறப்பு. ஆனால் ஹூட் மனிதனைக் காப்பாற்றுவதற்காகக் கட்டப்பட்டது. அதனால் காற்றை அவனிடமிருந்து உள்ளே இழுக்கும். லேமினார் தட்டில் வளரும் செல்களைக் காப்பாற்றுவதற்காகக் கட்டப்பட்டது. அதனால் வடிகட்டிய காற்றை உள்ளேயிருந்து எங்கள் முகத்தில் வீசும். நான் ஐந்து வருடம் அந்தக் காற்றை முகத்தில் வாங்கியவள். முகத்தில் காற்று பட்டால் தட்டு சுத்தமாக இருக்கிறது, எல்லாம் சரியாக நடக்கிறது என்று என் உடம்புக்குத் தெரியும்.

மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருகிவிட்ட காலம் அது. சாதாரணப் பிரசவத்துக்குப் போன பெண்கள் காய்ச்சலில் திரும்பி வராத வருடங்கள். புது மூலக்கூறு செய்யத் தெரிந்தவனுக்குச் செல் வளர்க்கத் தெரியாது. செல் வளர்க்கத் தெரிந்தவளுக்குக் குப்பியைத் திறக்கத் தெரியாது. ஒருவருக்கே இரண்டும் கைவர ஏழெட்டு வருடம் ஆகும் என்றார்கள். அதை ஏழெட்டு வாரமாகச் சுருக்கத்தான் இணைப் பயிற்சித் திட்டம் வந்தது. பதினொரு ஜோடிகள், இருபத்திரண்டு மாணவர்கள்.

ஒப்புதல் படிவத்தில் வீட்டார் ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டும். முனீஸின் அம்மா பேச்சியம்மாள் சிவகாசிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். பட்டாசு ஆலையில் வேலை. எத்தனை கழுவியும் அவர் விரல் ரேகைகளில் வெள்ளிப்பொடி மினுங்கிக்கொண்டே இருந்தது. எங்கள் கைடு கோகிலம் மேடம் நாற்காலியை அவருக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“சைக்கிள் ஓட்டப் பழகிட்டா மறக்குமாம்மா? அது தலைக்குப் பின்பக்கம், சிறுமூளைல பதிஞ்சு கெடக்கும். இந்தப் பொண்ணு அமலி அஞ்சு வருஷமாப் பழகுன கைப்பழக்கத்த அங்கேருந்து படிச்சு, ஒங்க மகனுக்கு எழுதறோம். அவனோடத இவளுக்கு. அதுக்கு மொதல்ல போடுற ஊசி மூளையக் கொஞ்சம் இளக வைக்கும், அவ்வளவுதான்.”

“படிப்பையா எழுதுறீக?”

“படிப்பு அவங்கவங்க படிக்கணும். இது கை மட்டும்.”

“அப்ப இவன் கை என்னாகும்?”

“அது அப்படியே இருக்கும். ஒருத்தருக்கு ரெண்டு கைப்பழக்கம்.”

“ரெண்டும் சண்டை போட்டுக்கிட்டா?”

மேடம் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அந்தச் சிரிப்பைப் பிறகு நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

“வேணாம்னா எடுத்துரலாமா?”

“எடுக்கலாம். அதுக்கும் ஊசி இருக்கு.”

பேச்சியம்மாள் கையெழுத்துப் போட்டார். எழுந்தபோது நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கி, ஓசையே இல்லாமல் சுவரோரம் வைத்தார்.

நாற்பது நாள் எங்கள் தலையில் ஒரு கவசத்தை மாட்டி, நாங்கள் வேலை செய்யும்போது பதிவு செய்தார்கள். என்னை லேமினார் முன்னால், அவனை ஹூட் முன்னால். பிறகு ஊசி, பிறகு பன்னிரண்டு அமர்வுகள். மூன்றாவது வாரமே தெரிய ஆரம்பித்துவிட்டது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. செல்களில் மருந்தை விட்டுக் காத்திருக்கும்போது கடிகாரம் பார்க்க மாட்டேன். எங்கள் வீட்டில் ஜெபமாலை சொல்லிப் பழகிய கட்டைவிரல், முத்துத் தள்ளுவதுபோல மற்ற விரல்களின் கணுக்களில் நகரும். இத்தனை கணுவுக்கு இத்தனை நிமிடம் என்று கணக்கு. ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் முனீஸ் தன் கையையே வெறித்துக்கொண்டிருந்தான்.

“ஏ புள்ள, இங்க பாரு. இது தானா ஓடுது.”

கட்டைவிரல் கணுக்களில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“முத்து தள்ளுத. நீ பாதி கிறிஸ்தவன் ஆயிட்டல்லா.”

“எங்காத்தாவுக்குத் தெரிஞ்சா பொங்கலுக்கு வீட்டுக்குள்ள விடாது. இத நிப்பாட்ட வழி சொல்லு.”

“சோத்தத் தின்னு. கைக்கு வேற வேல குடு.”

அவனுக்கு என் கை வந்தது. எதையும் சிந்தாமல் தட்டின் தொண்ணூற்றாறு குழியிலும் பிப்பெட்டால் சொட்டு விட்டான். எனக்கு அவன் கை வந்தது. எந்தக் குப்பியையும் மூக்கருகே கொண்டுபோகாமல், எட்டப் பிடித்து, மறுகையால் விசிறிப் பார்த்தேன். ரசப் பாத்திரத்தைக்கூட அப்படித்தான் முகர்ந்தேன். ஸ்டூலை இழுக்காமல் தூக்கினேன். லேபில் நுழையும்போதெல்லாம் பிடரியில் மெல்லிய குளிர் ஒன்று ஓடியது. நாங்கள் திறமையைத்தான் மாற்றிக்கொண்டோம் என்று நினைத்திருந்தோம். எனக்கு அவனுடைய பயம் வந்திருந்தது. அவனிடம் என்னுடைய நிம்மதி போய்ச் சேர்ந்திருந்தது. அதைப் பதிவுக் கருவி தனியாகப் பிரித்துக் காட்டவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

ஒருவரிடம் ஒருவர் நாங்கள் எதையும் சொல்லிக்கொண்டதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இருந்ததாகவும் தோன்றவில்லை. அவன் கை என்னிடம் இருந்தது.

எட்டு மாதம் எல்லாம் நன்றாகவே நடந்தது. வேதியியல் வேலையை ஹூட்டில் முடித்து, மிச்சமிருக்கும் நஞ்சை அழித்து, பிறகுதான் செல்களிடம் கொண்டுபோவோம். தட்டைக் கண்டால் அவனுக்குள் என் கை எழும். குப்பியைக் கண்டால் அவன் கை எழும். தட்டும் குப்பியும் ஒரே நேரத்தில் கண்முன் வந்தால் எந்தக் கை எழும் என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. இரண்டையும் சேர்ப்பதற்காகவே தொடங்கிய திட்டத்தில், இரண்டும் சேரும் இடத்தை மட்டும் சோதிக்காமல் விட்டிருந்தார்கள்.

அந்தத் திங்கட்கிழமை சோதனையில் ஒரு புதுப் படி இருந்தது. ஒரு மஞ்சள் திரவத்திலிருந்து ஒரு சொட்டை, கலந்த ஒரு நிமிடத்துக்குள் செல்களில் விட வேண்டும். அந்தத் திரவத்தின் ஆவி நுரையீரலுக்கு எமன். குப்பியை ஹூட்டில் திறந்து, அங்கேயே கலந்து, குப்பியை மூடி வைத்துவிட்டுக் கலவையை மட்டும் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும் என்று எழுதி வைத்திருந்தோம். எழுதியவன் முனீஸ்தான்.

பத்தரை மணிக்கு நான் ஹூட்டில் வேறொரு வடித்தலில் இருந்தேன். திரும்பிப் பார்த்தேன். முனீஸ் லேமினார் முன்னால் உட்கார்ந்திருந்தான். தட்டு திறந்திருந்தது. பக்கத்தில் அந்தக் குப்பியும் திறந்திருந்தது. இரண்டு முழங்கையையும் விளிம்பில் ஊன்றி, தலையைச் சற்று இடப்பக்கம் சாய்த்து, காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு, நான் உட்காருவதைப் போலவே உட்கார்ந்திருந்தான். எவ்வளவு அழகாக உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்தேன். அந்த நொடி என் பிடரி குளிர்ந்தது. என் கையிலிருந்த குடுவையைப் பார்த்துத்தான் குளிர்கிறது என்று எண்ணி, திரும்பி அதைக் கவனித்தேன்.

நான் பார்த்தது இரண்டு நொடி இருக்கும். பார்த்தேன்.

மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டான். மூன்று மணிக்கு இருமினான். நான்கு மணிக்கு மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் முகமூடியை ஒரு விரலால் தூக்கிக்கொண்டு கேட்டான்.

“குப்பிய எங்க தொறந்தேன்?”

“லேமினார்ல.”

“நானா?”

“ம்.”

கொஞ்ச தூரம் போன பிறகு, “நான் ஏன் அங்க தொறந்தேன் புள்ள?” என்றான். கோபம் இல்லை. கணக்கு ஏன் வரவில்லை என்று கேட்கும் குரல்.

எனக்கு விடை தெரிந்திருந்தது. “பேசாதல, முகமூடியப் போடு” என்றேன்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு நுரையீரல் நிறைந்து இறந்தான். கடைசி ஒரு மணி நேரம் நினைவு இல்லை. கட்டைவிரல் மட்டும் கணுக்களில் நகர்ந்துகொண்டிருந்தது. பேச்சியம்மாள் அந்த விரலைப் பார்த்துவிட்டு, “என்ன எண்ணுறான்?” என்று என்னிடம் கேட்டார். தெரியவில்லை என்று சொன்னேன்.

விசாரணைக் குழுவுக்குத் திருவேங்கடம் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர் தலைவர். மென்மையானவர். எனக்குத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் ஆரம்பித்தார்.

“குப்பியை அவர் அங்கே திறந்ததை நீங்க பார்த்தீங்களா?”

“இல்ல சார்.”

“சொன்னபடி செய்யாததுக்கு வேற காரணம் ஏதாவது?”

“தெரியல சார்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். பார்த்தும் சும்மா இருந்தேன் என்று சொல்லப் பயந்தேன். அது பாதிதான். மாற்றிய கைதான் காரணம் என்று தெரிந்தால் திட்டத்தை நிறுத்துவார்கள், மாற்றியதையெல்லாம் அழிப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அவனுடைய எலும்பை வைகையில் கரைத்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது என்னிடம்தான்.

அறிக்கையில் ‘மாணவரின் கவனக்குறைவு’ என்று எழுதினார்கள்.

அவன் சாமான்களை எடுக்கப் பேச்சியம்மாள் வந்தார். ஹாஸ்டல் அறையில் இரண்டு பேரும் சட்டைகளை மடித்தோம். அலமாரி மேலிருந்த பெட்டியை எடுக்க ஸ்டூல் வேண்டியிருந்தது. நான் மூலையிலிருந்து அதைத் தூக்கி வந்து, முதலில் ஒரு காலையும் பிறகு மற்ற மூன்றையும் தரையில் பதித்தேன். நிமிர்ந்தபோது அவர் கையில் சட்டையோடு அப்படியே நின்றிருந்தார்.

“இன்னொருக்க தூக்கி வையி.”

வைத்தேன்.

“அது என் கை, தாயி” என்றார். “வெடிமருந்து ரூம்புல எதையும் தரையில இழுக்கக் கூடாது. பொறி பறந்துரும். அவன் தவழுற வயசுலேருந்து சொல்லிக் குடுத்தது. டம்ளரக்கூட இழுக்க விட மாட்டேன்.”

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் அவர் வீட்டுக்குப் போனேன். ஏதாவது வேலை கொடுத்துவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். குழம்பை எட்டப் பிடித்து விசிறி முகரும்போது ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தார். “இப்பிடித்தான். பெத்தவ வச்ச கொழம்ப வெசம் மாதிரி மோந்து பாப்பான். பாத்துக்கிட்டே இருக்க, ரெண்டு சாத்து சாத்தலாம்னு வரும்.” நான்கு ஞாயிறு இப்படிப் போனது.

ஐந்தாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. எங்களுக்கு அடுத்த ஜோடியில் வேதியியல் மாணவி பர்வீன், முனீஸ் விட்ட சோதனையை எடுத்துச் செய்துகொண்டிருந்தாள். கெட்டிக்காரி, அவனைவிட ஜாக்கிரதையானவள். நான் அவளைக் கடந்து குளிர்பெட்டிக்குப் போகும்போது பிடரி குளிர்ந்தது. இந்த முறை என் கையில் எதுவும் இல்லை. திரும்பினேன். அவள் லேமினார் முன்னால் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தட்டு திறந்திருந்தது. இடதுகையில் மஞ்சள் குப்பி, வலதுகை மூடியைத் திருகிக்கொண்டிருந்தது.

நான் யோசிக்கவில்லை. என் கை போய் மூடியின் மேல் விழுந்து இறுக்கித் திருகியது. குப்பியைப் பறித்தது. தூக்கிக்கொண்டு போய் ஹூட்டில் வைத்தது. அதன் பிறகுதான் நான் மூச்சு விட்டேன்.

“என்னக்கா?” என்றாள் பர்வீன். “ஏன் பிடுங்குறீங்க?”

“எங்க ஒக்காந்து தொறக்க?”

சுற்றிலும் பார்த்தாள். முகம் வெளிறியது. “அய்யோ. நான் ஹூட்ல இருக்கேன்னுதான்க்கா… இல்ல. எங்க இருக்கேன்னே நினைக்கல. சரியா இருக்கிற மாதிரி இருந்துச்சு.”

கோகிலம் மேடத்தின் அறைக்குப் போனேன். சொல்லி முடிக்கும் வரை அவர் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

“அன்னிக்குப் பாக்கலைன்னு சொன்ன.”

“பாத்தேன் மேடம்.”

“எழுதிக் கொடுத்தா நாளைக்கே நிறுத்திருவாங்க. மிச்சமிருக்கிற இருபத்தோரு பேருக்கும் அழிக்கணும், சட்டம் அப்படி. வெளியில எத்தனை பேரு இந்த மருந்துக்காகக் காத்திட்டிருக்காங்கன்னு ஒனக்குத் தெரியும்.” பேனாவை மேஜையில் வைத்தார். பிறகு மெதுவாக, “ஒங்கிட்ட இருக்கிறதும் போயிடும் அமலி. அத யோசிச்சியா?” என்றார்.

“ஒரு நாள் குடுங்க மேடம்.”

“ஒரு நாள் இந்தக் கூடத்தைப் பூட்டி வைக்கிறேன். அதுக்கு மேல என்னால முடியாது.” அவர் கெட்டவர் அல்ல. ஒரு நாள் பூட்டித்தான் வைத்தார்.

புதன்கிழமை பேச்சியம்மாள் வேலை முடிந்து வரும் வரை வாசலில் நின்றிருந்தேன். “என்ன தாயி, இன்னிக்கி ஞாயித்துக்கெழம இல்லையே?” என்றபடி கதவைத் திறந்தார். நின்றபடியே சொன்னேன். அவன் குப்பியைத் திறந்தது என் கையால். நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று விசாரணையில் சொன்னேன். நேற்று இன்னொரு பெண்ணும் அதே இடத்தில் குப்பியைத் திறக்கப் போனாள். ஆஸ்பத்திரியில் அவன் எண்ணியது என் ஜெபமாலை.

அவர் கையிலிருந்த தூக்குவாளியைக் கீழே வைத்தார். வெகுநேரம் அதன் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாலு ஞாயித்துக்கெழம,” என்றார். “நாலு ஞாயித்துக்கெழம ஏங்கூட ஒக்காந்து சோறு தின்னியே.”

“ஆமாம்மா.”

“தொண்டைல எறங்குச்சா?”

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“இவுகப்பா ஆலை வெடிச்சுச் செத்தாரு,” என்றார் கடைசியில். “பீடி குடிச்சிருப்பாருன்னு எழுதுனாங்க. அந்த மனுசன் பீடியத் தொட்டதே இல்ல. யாருக்குத் தெரியும்னு கேட்டா, கூட வேல பாத்த எட்டுப் பேருக்குத் தெரியும். ஒருத்தனும் வாயத் தொறக்கல. ஆலைய மூடிட்டா அவனவன் பொழப்புப் போயிரும்ல. இன்னிவரைக்கும் ஊருக்குள்ள அவரு பீடி குடிச்சுச் செத்தவருதான்.” புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இப்ப மகனையும் அஜாக்கிரதன்னு எழுதியாச்சு. நீ ஒன்பதாவது ஆளு.”

“எழுதிக் குடுக்கேன்மா. குடுத்தா கை போயிரும். அவன் கை.”

அவர் என் கைகளைப் பார்த்தார். விலகவில்லை, கிட்டவும் வரவில்லை.

“நேத்து ஒரு புள்ளைன்னியே. அது பேரென்ன?”

“பர்வீன்.”

“ஆத்தா இருக்காளா அவளுக்கு?”

“இருக்காங்க.”

“பின்ன என்ன கேக்குறதுக்கு இங்க வந்த?”

மறுநாள் காலை திருவேங்கடம் சாரின் முன்னால் முழுவதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “முதல்லயே சொல்லியிருக்கலாமே அம்மா” என்றார். அதை மட்டும்தான் சொன்னார்.

எனக்கு அழிக்கும் நாளில் பேச்சியம்மாள் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்து அந்தச் சின்ன அறையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். ஊசி போட்டு, ஒரே நாளில் நான்கு அமர்வு. கடைசி அமர்வு முடிந்து நர்ஸ் கவசத்தைக் கழற்றியபோது வலி ஒன்றும் இல்லை. பிடரியில் குளிர் இல்லை. வெகுநாள் கழித்து அறை வெறும் அறையாக இருந்தது. எழுந்து, வழியில் இருந்த ஸ்டூலை நகர்த்தினேன். அது தரையில் கிறீச்சென்று இழுபட்டது.

நான் நின்றுவிட்டேன். பேச்சியம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சற்று நேரம் கழித்து எழுந்து வந்து, அந்த ஸ்டூலைத் தானே தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றார். அவரோடு பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். பஸ் ஏறும்போது, “ஞாயித்துக்கெழம வா” என்றார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. இருந்தாலும் போனேன், இன்றும் போகிறேன்.

அறிக்கையைத் திருத்தினார்கள். ‘கவனக்குறைவு’ என்ற சொல்லை அடித்துவிட்டார்கள். மற்ற இருபது பேரில் சிலர் என்னோடு பேசுவதில்லை. அவர்கள் படிப்பு பாதியில் நின்றது, அவர்கள் கோபத்தில் தவறு இல்லை. அந்த மருந்து இன்னும் வரவில்லை. காய்ச்சலில் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். பத்திரிகையில் படிக்கும்போது நான் செய்தது சரியா என்று எனக்கே தெரியவில்லை.

ஆறு வருடம் ஆகிறது. இப்போது அதே கூடத்தில் பழைய முறையில் பாடம் நடக்கிறது. வேதியியல் மாணவர்கள் செல் வளர்க்கப் பழகுகிறார்கள், உயிரியல் மாணவர்கள் குப்பி திறக்கப் பழகுகிறார்கள். மெதுவாக, தப்பும் தவறுமாக, வருடக்கணக்கில். நான் சொல்லிக்கொடுக்கிறேன். எந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாலும், கையை உள்ளே விடும் முன்பு, காற்று எந்தப் பக்கம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாதவர்களை எழுப்பிவிடுவேன். இது நானாகக் கற்றுக்கொண்டது. எந்த ஊசியாலும் வந்ததல்ல.

மூன்றாம் நம்பர் ஹூட்டை யாரும் பயன்படுத்துவதில்லை. அதன் காற்றாடி மற்ற ஹூட்களின் குழாயோடு சேர்ந்தது என்பதால் நிறுத்தவும் முடியாது. முனீஸ் ஒட்டிய தாள் அங்கேயே இருக்கிறது. டேப் பழுப்பேறிவிட்டது. தாளில் பாதி உதிர்ந்துவிட்டது. மிச்சம் இருப்பது உள்பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருக்கிறது.